இருபத்தெட்டு நாள் கெடு

ஆல்வின் ஹேவர்த் மெதுவாகச் செய்த வேலை ஒன்றே ஒன்றுதான், மீன் பொரிப்பது. மற்றதெல்லாம் தடாலடிதான். கிழங்கு மூட்டையை இறக்கினால் தரை அதிரும். கல்லாவை மூடினால் வினிகர் பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதும். கார்க் கதவைச் சாத்தினால் எதிர்வீட்டு நாய் குரைக்கும். ஆனால் மாவில் தோய்த்த ஹாடக் மீனை வாலைப் பிடித்துக் கொதிக்கும் மாட்டுக்கொழுப்பில் விடும்போது மட்டும், தூங்குகிற பிள்ளையைக் கட்டிலில் கிடத்துகிற பக்குவத்தோடு விடுவார். பதினோரு வருஷம் அவர் கடைக் கவுண்டரில் நின்றவள் நான். அந்த ஒரு நளினத்தைப் பார்த்துத்தான் மேவிஸ் அவரைக் கட்டியிருக்க வேண்டும். வேறு காரணம் எனக்குப் புலப்பட்டதில்லை.

மேவிஸ் அவர் மனைவி. நான் வருவதற்கு முன்னால் கவுண்டரில் நின்றவள் அவள்தான். நெஞ்சில் காற்று போதாமல் போன பிறகு டாக்டர் அடுப்புப் பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவளா கேட்பாள்? வாசலை ஒட்டி ஜன்னலோரம் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பொட்டலம் கட்டுகிற தாளை மடித்து அடுக்கியபடி உட்கார்ந்திருப்பாள். வருகிறவர்களை எல்லாம் விசாரிப்பாள். "கண்ணு, உங்க அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆச்சா?" "என்னப்பா, புது வேலையா? சட்டையெல்லாம் பளபளங்குது." எங்கள் ஊர் பிரிம்ஷாவில் பாதிப் பேர் மேவிஸிடம் நாலு வார்த்தை பேசத்தான் வந்தார்கள். மீன் அதற்கு ஒரு சாக்கு.

நடக்க முடியாதவர்களுக்கு நகரக் கவுன்சில் ஒரு நீல அட்டை கொடுக்கும். அதைக் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டால் வண்டி நிறுத்தக் கூடாத மஞ்சள் கோட்டிலும் மூன்று மணி நேரம் நிறுத்தலாம். கூடவே, வந்து நிறுத்திய நேரத்தைக் காட்ட ஒரு அட்டைக் கடிகாரம். நீல அட்டையின் ஒரு பக்கத்தில் சக்கர நாற்காலிப் படமும் தேதியும், மறுபக்கத்தில் ஆளின் போட்டோ. படமும் தேதியும் மேலே தெரிய வேண்டும். போட்டோ மேலே தெரிந்தால் அட்டையே இல்லாத மாதிரிதான் கணக்கு. மேவிஸுக்கு அந்தப் போட்டோவே பிடிக்காது. "பிஸ்கட் திருடி மாட்டிக்கிட்டவ மாதிரி இருக்கேன், ஜோஸு" என்பாள். காரில் போனால் அட்டையையும் கடிகாரத்தையும் வைப்பது அவள் வேலை. ஆல்வின் பின்னால் போய்ச் சக்கர நாற்காலியை இறக்குவார்.

அக்டோபர் இருபத்திரண்டு, செவ்வாய்க்கிழமை, சந்தை நாள். மழை மலைப்பக்கம் இருந்து சாய்த்து அடித்தது. பதினொன்றரைக்குக் கடை திறக்க வேண்டும். மேவிஸுக்கு அன்றைக்கென்று பார்த்துச் சந்தைக்குப் போய், பன்றி ரத்தத்தில் செய்கிற ரத்தப் புட்டும், குளிர்கோட்டுக்குப் பொத்தானும் வாங்க வேண்டும் என்று ஆசை. ஆல்வின் முனகிக்கொண்டே கூட்டிப் போனார்.

நான் வேலைக்குப் போக பஸ்ஸை விட்டு இறங்கியபோது அவர்கள் காருக்குத் திரும்பியிருந்தார்கள். கண்ணாடியில் மஞ்சள் உறை ஒட்டியிருந்தது. அபராதச் சீட்டு. உள்ளே நீல அட்டை குப்புறக் கிடந்தது.

"ஒரே ஒரு வேலை, மேவிஸு!" தெருவே திரும்பிப் பார்க்கிற குரல். "வண்டில ஏறினா உனக்கு ஒரே ஒரு வேலைதான். ஒரு அட்டைய நேரா வைக்கிறது. அதக்கூட உருப்படியாச் செய்ய முடியாதா உன்னால?"

முட்டைக்கடைக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். மேவிஸ் சக்கர நாற்காலியில், மழைக்குப் போட்ட பிளாஸ்டிக் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தாள். மடியில் ரத்தப் புட்டுப் பொட்டலம். கண்ணாடி வழியாக உள்ளே ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"சரி ஆல்வின். நனையுது. என்னை ஏத்து."

அவ்வளவுதான் சொன்னாள்.

எங்கள் ஊர் ஆண்பிள்ளைகளுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. அதற்குப் பதிலாக எதையாவது செய்வார்கள். டீ போடுவார்கள், வேலியைச் செப்பனிடுவார்கள். கல்யாண நாளை மறந்த வருஷம் ஆல்வின் சமையலறை முழுவதற்கும் பெயிண்ட் அடித்தார், அதுவும் மேவிஸுக்குப் பிடிக்காத பச்சை. அன்று மத்தியானக் கூட்டம் ஓய்ந்ததும், சின்ன மீனாக ஒன்று பார்த்துப் பொரித்து, முள் எடுத்து, பட்டாணி மசியலோடு தட்டில் வைத்து, கடைக்குப் பின்னால் இருந்த அறைக்குக் கொண்டுபோனார். மாடி ஏற முடியாததால் மேவிஸின் படுக்கை அங்கேதான். தட்டு பாதியோடு திரும்பி வந்தது.

மறுநாள் அவள் ஜன்னலோர நாற்காலிக்கு வரவில்லை. குளிர் என்றாள். அடுத்த வாரம் சந்தைக்குப் போகலாமா என்று அவரே கேட்டதற்கும் இருமல் என்றாள்.

"பதினாலு நாளுக்குள்ள கட்டினா பாதிதானாம். கட்டிட்டு விடச் சொல்லு, ஜோஸு" என்று என்னிடம் சொன்னாள்.

நான்தான் கெடுத்தேன். என் மகனுக்கு ஒரு தடவை இப்படி அபராதம் வந்தபோது எழுதிப் போட்டு ரத்து செய்ய வைத்திருந்தேன். அதிலிருந்து ஊரில் எனக்கு வக்கீல் என்று பேர். அந்தப் பேர் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பிடித்திருந்தது.

"எதுக்குக் கட்டணும்? அட்டை உங்களது, தேதி முடியல, வண்டிலதான் இருந்துச்சு. கட்டிட்டா கேஸே முடிஞ்சுது, அப்புறம் வாய தெறக்க முடியாது. எழுதிப் போடுவோம் ஆல்வின்."

ஆல்வின் கிழங்கில் கண் நோண்டிக்கொண்டிருந்தார். கத்தி நின்றது.

"எழுதினா, அவ மேல தப்பில்லன்னு எழுதிக் குடுப்பானா?"

"ரத்து பண்ணினா அதுதான அர்த்தம்?"

"எழுத்துல?"

"எழுத்துலதான்."

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அவருக்கு அபராதம் ஒரு பொருட்டே இல்லை. ஒரு அதிகாரி கையெழுத்துப் போட்ட தாளை மேவிஸின் கையில் கொடுத்துவிட்டால், தன் வாயைத் திறக்க வேண்டாம் என்று நினைத்தார்.

நான் எழுதினேன். கம்ப்யூட்டர் எனக்குத்தான் வரும். அவர் மேலே நின்றுகொண்டு, "என் பெண்டாட்டி கவனம் தப்புற ஆளில்லன்னு எழுது" என்பார்.

"அதெல்லாம் அவங்களுக்கு வேண்டாம் ஆல்வின். அட்டை செல்லுபடி ஆகுதா, அதுதான் கேள்வி."

"நீ உன் சட்டத்த எழுது. கடைசில இதையும் ஒரு வரி எழுது."

நவம்பர் கடைசியில் பதில் வந்தது. அட்டையின் விவரம் தெளிவாகத் தெரியும்படி வைக்கப்படவில்லை, ஆகவே ஏற்பதற்கில்லை. டிசம்பரில் வண்டி உரிமையாளருக்கு என்று முறையான நோட்டீஸ். இருபத்தெட்டு நாளுக்குள் ஆட்சேபம் எழுதலாம். நான் உற்சாகமாகிவிட்டேன். கிறிஸ்துமஸ் நெருக்கடியில், ஒரு பக்கம் கிரேவி கொதிக்க, மறுபக்கம் விதிமுறைகளைப் படித்துக்கொண்டிருந்தேன். ஆல்வின் நாள்காட்டியில் கெடு முடிகிற தேதியைச் சிவப்பில் வட்டமிட்டார். தபால்காரர் வந்தால் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினார். பின்னறையில் மேவிஸ் இருமுவது கேட்கும். "இந்தா வந்துட்டேன்" என்பார். ஆனால் உறையைப் பிரித்து முடித்துவிட்டுத்தான் போவார்.

ஜனவரியில் ஒரு நாள் நான் அவளுக்கு சூப் கொண்டுபோனேன். பக்கத்தில் ஆக்சிஜன் கருவி புஸ் புஸ்ஸென்று ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னும் எழுதுறாரா?"

"போன வாரம்தான் போட்டோம். இந்தத் தடவை அசந்துருவானுங்க பாருங்க. முடியாதுன்னாலும் தீர்ப்பாயம் இருக்கு, தனி நடுவர் விசாரிப்பாங்க."

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, ஓய்ந்தது.

"அந்த மனுஷன் கதவ மெதுவாச் சாத்தி நான் பாத்ததில்ல ஜோஸு. கல்யாணத்தன்னிக்கு சர்ச்சுல இருந்து வந்து கார்ல ஏறுறோம், அறைஞ்ச அறையில என் தொப்பி பறந்து பாதிரியார் கால்ல விழுந்துச்சு."

நானும் சிரித்தேன். ஏன் இப்போது இதைச் சொல்கிறாள் என்று கேட்கத் தோன்றவில்லை.

"என்கிட்ட பேச வேண்டியத எல்லாம் கவுன்சிலுக்கு எழுதிக்கிட்டிருக்காரு. அவன் முடியாது முடியாதுங்கிறான்." சூப்பைக் கரண்டியால் கலக்கினாள், குடிக்கவில்லை. "நான் முடியாதுன்னா சொல்லப்போறேன்?"

இதை நான் ஆல்வினிடம் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கே, அப்படியே வெளியே போய் அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். புருஷன் பெண்டாட்டி விஷயம், நமக்கென்ன என்று வாயை மூடிக்கொண்டேன் என்றுதான் இத்தனை நாள் சொல்லி வந்தேன். அது பொய். கேஸ் நின்றுபோகுமே என்றிருந்தது எனக்கு. அதுதான் உண்மை.

ஜனவரி இருபத்தைந்து, சனிக்கிழமை. மத்தியானக் கூட்டத்துக்கு நடுவில் மேவிஸ் போய்விட்டாள். வரிசை வாசல் தாண்டி நின்றது. ஆல்வின் அடுப்பை அணைத்தார். யாரும் ஒரு வார்த்தை சொல்லாமல் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு கலைந்தார்கள். அடக்கத்துக்கு அவ்வளவு கூட்டம். ஹாம் சாண்ட்விச் போதவில்லை.

அடக்கம் முடிந்த மறுவாரம் கவுன்சிலின் இரண்டாவது மறுப்பு வந்தது. நான் அதை அடுப்பில் போட்டுவிடலாம் என்றிருந்தேன்.

"குடு" என்றார்.

"இனிமே எதுக்கு ஆல்வின்?"

"இருபத்தெட்டு நாள் இருக்குல்ல?"

"இருக்கு. ஆனா—"

"அப்ப எழுது."

தீர்ப்பாயத்துக்கு எழுதினோம். நீல அட்டையைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கவுன்சிலின் வேறொரு பிரிவிலிருந்து கடிதம் வந்தது. ஆள் போய்விட்டால் அட்டையும் போக வேண்டும், அதுதான் விதி. உறைக்குள் வைப்பதற்கு முன்னால் அந்தப் பிஸ்கட் திருடி முகத்தைக் கட்டைவிரலால் துடைத்தார். விரலில் மாவு இருந்ததால் இன்னும் அழுக்கானது. மறுபடி துடைத்தார்.

மார்ச்சில் கவுன்சில் தன் தரப்பு ஆதாரங்களை அனுப்பியது. நான் அச்சடித்துக் கொண்டுபோனேன். அன்றைக்கும் மழை. கவுண்டரில் பரப்பினோம். அபராதச் சீட்டு ஒட்டிய வார்டன் எடுத்த நாலு போட்டோ. மழைத்துளி படிந்த கண்ணாடிக்குப் பின்னால், அட்டையிலிருந்து மேவிஸ் எங்களை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அட்டைக் கடிகாரம் பத்து முப்பத்தைந்து என்று சரியாகக் காட்டியது.

"இது என்ன?" ஆல்வின் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். அட்டைக்கு ஒரு முழம் தள்ளி, ஏதோ ஒன்று ஒருக்களித்துக் கிடந்தது.

"மிட்டாய் டப்பா. புதினா மிட்டாய். அட்டை வழுக்கக் கூடாதுன்னு அதைத்தான் முட்டுக் குடுப்பாங்க. முதல்ல டப்பா, அப்புறம் அட்டைய அதுல சாய்ச்சு வைப்பாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"எத்தன வருஷமா வைக்கிறாங்க!"

"நான் பின்னால நாற்காலிய இறக்கிட்டிருப்பேன்." போட்டோவை வெளிச்சத்தில் பிடித்தார். "அன்னிக்கு வந்து எல்லாத்தையும் அள்ளி வண்டி டிராயருக்குள்ள எறிஞ்சேன். கவனிக்கல. டப்பா எப்படி அங்க போச்சு?"

மேவிஸ் சொன்ன அந்தப் பறந்த தொப்பி அப்போதுதான் என் மண்டைக்குள் வந்து விழுந்தது. என் கண் வாசலில் நின்ற காரின் கதவுக்குப் போனது; அவரும் அங்கே பார்த்தார்.

அவர் கடையின் சின்ன விலை அட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் பின்னாலேயே போனேன். டிராயருக்குள் டப்பா இன்னும் இருந்தது. மேவிஸின் பக்கத்துக் கதவைத் திறந்து, டப்பாவை வைத்து, விலை அட்டையைச் சாய்த்தார். கதவை மெதுவாகத் தள்ளி மூடினார். அட்டை நின்றது. திரும்பத் திறந்தார். இந்தத் தடவை அவர் வழக்கப்படி சாத்தினார். எதிர்வீட்டு நாய் குரைத்தது. டப்பா உருண்டது. அட்டை குப்புற விழுந்தது.

மறுபடி வைத்தார். மறுபடி சாத்தினார். விழுந்தது. நாலு தடவை, ஐந்து தடவை.

"போதும் ஆல்வின்."

"கேட்டிருக்கும் ஜோஸு." மழை அவர் முகத்தில் ஓடியது. "இதோ, இங்கதான் நாற்காலில இருந்தா. அவ முதுகுக்குப் பின்னாலதான் கார். டப்பா உருண்டது அவளுக்குக் கேட்டிருக்கும். தெரிஞ்சேதான் சும்மா இருந்தா. நான் அத்தன பேர் முன்னால கத்துறேன், அவ... நனையுதுன்னு சொல்றா."

அவர் காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டு அழுதார். எழுபத்தொரு வயது மனிதர், தெருவில், பட்டப்பகலில். நானும் அழுதேன்.

விசாரணை ஏப்ரலில், டெலிபோனில். மத்தியானக் கூட்டத்துக்கும் சாயங்காலக் கூட்டத்துக்கும் நடுவில், இரண்டரைக்கு. போனைக் கவுண்டரில் வைத்து சத்தமாகப் போட்டோம். நடுவர் ஒரு பெண்மணி. நிதானமான குரல். கவுன்சில் தரப்பில் ஒரு இளைஞன், முதலில் வருத்தம் தெரிவித்துவிட்டு விதியைப் படித்தான். நான் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேன். ஆல்வின் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மேவிஸ் தாளை மடிக்கிற மாதிரியே மடித்தார்.

"சொல்லுங்க மிஸ்டர் ஹேவர்த்."

"அட்டைய அவ சரியாத்தான் வச்சா மேடம். டப்பா முட்டுக் குடுத்து, மணி பாத்து வச்சா. நான்தான் கதவ அறைஞ்சேன். அதுல விழுந்துடுச்சு. செஞ்சு பாத்துட்டேன்."

"நேர்மையாச் சொல்றீங்க. ஆனா இது உங்க கேஸுக்கு உதவாது, அது தெரியுமா? யார் விழ வச்சிருந்தாலும் அட்டை தெரியணும்கிறதுதான் விதி."

"தெரியும். ஜோஸி சொல்லிட்டா. தோத்தாப் பரவாயில்ல. அவ தப்புப் பண்ணலன்னு மட்டும் எழுதிக்கோங்க."

மறுமுனையில் தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. நின்றது.

"வேற ஏதாவது சொல்ல விரும்புறீங்களா?"

ஆல்வின் போனைப் பார்க்கவில்லை. ஜன்னலோரம் இருந்த காலி நாற்காலியைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"என்ன மன்னிச்சிரு" என்றார்.

"அது எனக்குச் சொன்னது இல்லன்னு புரியுது மிஸ்டர் ஹேவர்த்" என்றார் நடுவர், கொஞ்சம் பொறுத்து. "ஆனா பதிவாகியிருக்கு."

பத்து நாள் கழித்துத் தீர்ப்பு வந்தது. மேல்முறையீடு தள்ளுபடி. அபராதத்தை இருபத்தெட்டு நாளுக்குள் கட்ட வேண்டும். நடுவில் ஒரு வரி: திருமதி மேவிஸ் ஹேவர்த் அட்டையை முறையாகவே வைத்திருந்தார் என்றும், மேல்முறையீட்டாளர் கதவைச் சாத்திய வேகத்தாலேயே அது கவிழ்ந்தது என்றும் ஏற்கிறேன்.

ஆல்வின் மாவு படிந்த கையோடு அந்த வரியை இரண்டு தடவை படித்தார். படித்துவிட்டுப் பின்னறைப் பக்கம் நாலு எட்டு நடந்தார். அதற்கப்புறம்தான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். நின்றுவிட்டார். திரும்பி வந்து தாளை என்னிடம் நீட்டினார். பட்டாணியைக் கிளறத் தொடங்கினார்.

"ஜோஸு, கவுன்சில்காரன் ஒவ்வொரு தடவையும் எத்தன நாள் குடுத்தான்?"

"இருபத்தெட்டு."

"மேவிஸு தொண்ணூத்தஞ்சு குடுத்தா. நாள்காட்டில எண்ணிப் பாத்தேன், சந்தைக்குப் போன அன்னைலருந்து அவ கண்ண மூடின வரைக்கும்." கரண்டி நின்றது. "ஃபாரம் நிரப்ப வேண்டாம், தபால்ல போட வேண்டாம். இங்கருந்து அந்த ரூமுக்குப் பத்தடி ஜோஸு. பத்தடி."